வலிக்காத கண்

அந்தச் சிறிய கண் மருத்துவமனைக்கு நான் மாற்றலாகி வந்தது ஒரு திங்கட்கிழமை காலையில். ஒரு டாக்டரம்மா, ஒரு ஆயா, நர்ஸாக நான். அவ்வளவுதான் ஆள்பலம். நர்ஸுக்கென்று பின்பக்கம் ஓர் அறை இருந்தது. கட்டில், மின்விசிறி, துருப்பிடித்த ஜன்னல். ஐம்பது வயதில் இரண்டு பெட்டியோடு வந்து இறங்குகிறவளுக்கு அது தாராளம். கணவர் போய் எட்டு வருடம் ஆகிறது. மகள் ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள், அதுவும் ஞாபகம் இருந்தால்.

கதவைத் திறந்ததும் ஸ்பிரிட் வாசனை அடித்தது. பூட்டிக் கிடந்த அறையில் ஏது இந்த வாசனை என்று ஆயாவைக் கேட்டேன்.

"முன்னாடி இருந்த பெரிய சிஸ்டர் இங்கதான் இருந்தாங்க. தூக்கத்துலயே போயிட்டாங்க," என்றாள். "ரொம்ப இளகின மனசு, சிஸ்டர். யாரு அழுதாலும் தாங்காது. ஒரு வெல்டர், ஒண்டிக்கட்டை, கண்ணுல பொறி பட்டு வந்தான். ராத்திரி வலிச்சா யாருமில்லன்னு அழுதான். பாவம்னு மரப்புச் சொட்டு பாட்டிலையே கையில குடுத்து அனுப்பிட்டாங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் தொழிலில் முதல் நாளே காதைத் திருகிச் சொல்லித்தருகிற பாடம் அது. கண்ணை மரத்துப்போகச் செய்கிற அந்த மரப்புச் சொட்டு டாக்டர் கை வைக்கும் சில நிமிடங்களுக்கு மட்டும்தான். வீட்டுக்குக் கொடுக்கவே கூடாது. திரும்பத் திரும்ப விட்டால் புண் ஆறாது, கருவிழியே கரைந்துபோகும். மரத்த கண்ணுக்கு அது தெரியவும் தெரியாது.

"ஒரு வாரம் விட்டுக்கிட்டிருந்தான். வலியே இல்லன்னு சந்தோஷமா இருந்தானாம். கண்ணு போச்சு. அதுக்கப்புறம் சிஸ்டர் யார்கூடவும் பேசல."

மூன்றாம் நாள் அந்த ஜன்னலை மல்லுக்கட்டித் திறந்தபோது துருத்தூள் என் வலது கண்ணில் விழுந்தது. டாக்டரம்மா ஒரு சொட்டு மரப்பு விட்டு, ஊசி முனையால் தூளை எடுத்து, களிம்பு வைத்துக் கட்டினார்.

"மரப்பு அரை மணி நேரத்துல விட்டுடும். அதுவரைக்கும் கண்ணைக் கசக்காதீங்க. அப்புறம் வலிக்கும், மாத்திரை போட்டுக்குங்க. நான் ரெண்டு நாள் ஊர்ல இல்ல. அதுக்குள்ள சொட்டு மேல கை வெச்சிடாதீங்க."

"எனக்கேவா பாடம்?" என்று சிரித்தேன்.

பிற்பகல் மூன்று மணிக்குச் சிரிப்பு போயிற்று. கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்டு அரைக்கிற மாதிரி வலித்தது. மகளுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. அழுகை வந்தது. வலியால் மட்டுமல்ல. வலிக்கிறதா என்று கேட்க ஒரு ஆள் இல்லையே என்றும்தான்.

கட்டிலின் ஓரம் அமுங்கியது.

யாரோ உட்கார்ந்தார்கள்.

ஸ்பிரிட் வாசனை நெருங்கியது. பிளாஸ்திரி மெல்லப் பிரிந்தது. ஜில்லென்று ஒரு விரல் கீழிமையை இழுத்தது. ஒரு சொட்டு விழுந்து சுரீரென்றது.

பிறகு வலியே இல்லை.

"அழாதம்மா," என்றது ஒரு குரல், காதோரமாக.

கத்தியிருக்கலாம். நான் கத்தவில்லை. எட்டு வருடமாக என் முகத்தை யாரும் அப்படித் தொட்டதில்லை.

இரண்டு நாளும் வலி தலையெடுக்கும்போதெல்லாம் அந்த விரல் வந்தது. கனவு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டே அதற்காகக் காத்தும் கிடந்தேன்.

டாக்டரம்மா திரும்பி வந்து கண்ணைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"ஆறியிருக்க வேண்டிய புண்ணு ரெட்டிப்பா ஆயிருக்கு. உண்மையைச் சொல்லுங்க, சொட்டு போடுறீங்களா?"

அலமாரியைத் திறந்து பார்த்தார். அன்று எனக்காகத் திறந்ததை அவரே பையில் எடுத்துப் போயிருந்தார்; மற்ற பாட்டில்கள் எல்லாம் முத்திரை பிரியாமல் இருந்தன. பிறகு என் கன்னத்திலிருந்து எடுத்த பிளாஸ்திரியைக் கையில் வைத்துப் பார்த்தார். பிரிக்கச் சுலபமாக அதன் முனை உள்பக்கம் மடிக்கப்பட்டிருந்தது.

"இது நான் ஒட்டினது இல்லையே," என்றார் தாழ்ந்த குரலில். "இப்படி மடிச்சு ஒட்டறது பெரிய சிஸ்டர் மட்டுந்தான்."

ஆயா வெளியே போய்விட்டாள்.

"இன்னும் ரெண்டு நாள் இப்படியே போனா பார்வை போயிடும்," என்றார் டாக்டரம்மா.

அன்று சாயங்காலம் கட்டில் அமுங்கியபோது நான் எழுந்து உட்கார்ந்தேன். வந்த கையைப் பிடித்தேன். மணிக்கட்டு ஈரப் பஞ்சாக நசுங்கியது.

"வேண்டாம்க்கா."

"வலிக்குமேம்மா."

"வலிக்கட்டும்."

மூலையில் யாரோ வெகுநேரம் விசும்பினார்கள். பயமாக இருந்தாலும் எனக்கு அவளை நினைத்துப் பாவமாகத்தான் இருந்தது. பிறகு வாசனை போயிற்று, வலி வந்தது. தலையணையைக் கடித்துக்கொண்டு அதைத் தனியாகவே அனுபவித்தேன். ஒரு வாரத்தில் கண் ஆறியது.

அதற்கு அடுத்த மாதம் ஒரு வயதான தையல்காரர் கண்ணில் தூசியோடு வந்தார். மரப்பு விட்டு, எடுத்து, கட்டுப்போட்டு பெஞ்சில் உட்காரவைத்தோம். முக்கால் மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தேன். அதற்குள் எல்லோரும் வலியில் முகம் சுளிக்க ஆரம்பித்திருப்பார்கள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"வலியே இல்லம்மா. இன்னொரு சிஸ்டர் வந்து மறுபடியும் சொட்டு விட்டாங்களே."

பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "வீட்ல உங்களுக்கு யார் இருக்கா?"

"யாருமில்ல. அவங்களும் அதையேதான் கேட்டாங்க." கைத்தடியை எடுத்துக்கொண்டு சந்தோஷமாக எழுந்தார். "விலாசம் வாங்கிக்கிட்டாங்க. தினம் சாயங்காலம் வீட்டுக்கே வந்து சொட்டு விடுறாங்களாம்."

எனக்குப் பயம் வந்தது. அதற்கு முன்னால், ஒரு கணம், பொறாமை வந்தது.