ஒத்தை வார்டர்

மதியச் சோறு முடிந்ததும் மூன்றாம் அறைக்காரர்கள் போடும் கூச்சல் வத்தலக்குண்டு ரோட்டு டீக்கடை வரைக்கும் கேட்கும். இன்று அந்தக் கூச்சல் இல்லை. சாம்பார் வாடையும் பினாயில் வாடையும் கலந்து கிடந்த நடையில், தகரக் கூரையிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. வார்டர் இருதயநாதனுக்கு அது சரியாகப் படவில்லை.

அந்தக் கிளைச்சிறையில் முன்பு ஒன்பது வார்டர்கள். ஓய்வு பெற்றவர்கள் இடத்துக்கு ஆள் போடாமலே இருந்து, கடைசியில் அந்த இடங்களையே ரத்து செய்துவிட்டார்கள். இப்போது ஷிப்டுக்கு இரண்டு பேர். அதிலும் சடையாண்டி, மூன்றாம் அறையில் வயிற்றுவலி என்று உருண்ட ஒருவனைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். முப்பது கைதிகளுக்கு இருதயநாதன் ஒருவர்தான்.

கரண்ட் போனது.

"இருதயண்ணே! என்னையக் கொல்றாய்ங்கண்ணே!"

யாசினின் குரல். தோல் கிடங்கில் வேலை பார்ப்பவன். பைக்கில் ஒருவரை இடித்துவிட்டு நேற்றுத்தான் ரிமாண்டில் வந்தான். கொலைக்கேஸ் ஆட்களோடு அவனைப் போட வேண்டாம் என்று இருதயநாதன் சொல்லிப் பார்த்தார். இன்னொரு அறையைத் திறந்தால் பார்த்துக்கொள்ள ஆள் ஏது? காலையில் மகனைப் பார்க்க வந்த அஜீஸுன்னிசா போகும்போது, "நீங்க இருக்கீங்கள்ல, அது போதும்" என்றிருந்தாள்.

இரும்புத் தகடு அடித்த கதவு. அதில் உள்ளங்கையளவு ஓட்டை. தள்ளி நின்றே செல்போன் டார்ச்சை உள்ளே அடித்தார். கடைசிச் சுவரோரம் இரண்டு கால்கள் தரையை உதைத்துக்கொண்டிருந்தன. மேலே ஆட்கள். சோற்றுத்தட்டை உடைத்துத் தீட்டிய தகடு ஒன்று ஏறி இறங்கியது.

தனியாளாக அறையைத் திறக்கக் கூடாது என்பது விதி. ஸ்டேஷனுக்குப் போன் போட்டார்.

"எல்லாரும் பழனி பந்தோபஸ்துல இருக்காங்க சார்," என்றாள் காவலர் அறிவுச்செல்வி. "இங்க நானும் ரைட்டரும்தான். ஆள் வர ஒரு மணி நேரமாகும். தெறந்துறாதீங்க சார்!"

மற்ற அறைகளில் தட்டுகளால் கதவை அடிக்கத் தொடங்கினார்கள். டங். டங். டங். அந்தச் சத்தத்துக்கு நடுவே, மிக அருகில், அழுகை.

"அண்ணே, தள்ளிவிட்டுட்டு வந்துட்டேன். கதவுகிட்டதான் நிக்கிறேன். செத்த தொறங்கண்ணே. நான் மட்டும் வெளிய வந்துர்றேன். அம்மாகிட்ட போகணும்ணே..."

வேண்டாம் என்றது மனசு. கை கேட்கவில்லை. பூட்டு திறந்தது. டார்ச்சை அணைக்காமலே செல்போனைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு தாழ்ப்பாளை இழுக்கக் குனிந்தார். இழுத்தார்.

பையிலிருந்த வெளிச்சம் ஓட்டை வழியே உள்ளே விழுந்தது.

யாசின் கடைசிச் சுவரோரமே கிடந்தான். கால்கள் உதைக்கவில்லை. கழுத்து, காதிலிருந்து காது வரை திறந்திருந்தது.

"இருதயண்ணே," என்றான் கதவோரத்திலிருந்து எவனோ, அச்சு அசலாக யாசினின் குரலில். அழுகை இல்லை.

"ஒருத்தன்தாண்டா நிக்கிறான்," என்றது இன்னொரு குரல்.

தாழ்ப்பாளைத் திரும்பத் தள்ளினார். போகவில்லை. கதவைத் தோளால் முட்டினார். உள்ளேயிருந்து ஆறு பேர். இடுக்கில் விரல்கள் வந்தன. நிறைய விரல்கள். எல்லாம் சிவப்பு.

கதவடியில் ரத்தம் கசிந்து வந்துகொண்டிருந்தது. அதில் அவர் பூட்ஸ் பின்னால் வழுக்கியது. ஒரு அடி. இன்னொரு அடி.