இரவல் மூச்சு

எண்ணூரில் கூரை உரிக்கப் போகிறவர்கள் காலையில் பல் விளக்கியதும் ஒரு பையை ஊதுவார்கள். அதற்குமுன் டீ கூடக் குடிக்கக் கூடாது. பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரைகளைக் கழற்றும் களத்து வாசலில் அந்தப் பையைக் கொடுத்தால், மூச்சுமானி பச்சையா சிவப்பா என்று சொல்லிவிடும். களத்துத் தூசி அளவைக் கூட்டிக் காட்டும் என்பதால் வீட்டிலேயே ஊத வேண்டுமாம். விதி போட்ட புண்ணியவான்களுக்கு நம் ஆட்களைத் தெரியவில்லை, பாவம்.

மூச்சுமானி தேடுவது திசுக்கத்தரியை. எல்லோர் உடம்பிலும் இருக்கிற நொதிதான். பழைய திசுவை வெட்டிப் புதியது கட்ட இடம் விடும்; காயம் ஆறுவதே அதனால்தான். ஆனால் ஆஸ்பெஸ்டாஸ் இழை நுரையீரல் உறையில் குத்தி உட்கார்ந்தால், பல வருடம் கழித்து இந்தக் கத்தரி கண்மண் தெரியாமல் வெட்டும். வெட்டிய வழியில் புற்றுநோய் பரவும். சிவப்பு விழுந்த மாதமே கத்தரியை முடக்கும் பூட்டு மருந்து தொடங்கினால் பிழைக்கலாம், தள்ளிப்போனால் முடியாது. சிவப்பு விழுந்தவனுக்குக் களத்தில் வேலையும் கிடையாது.

சவரிமுத்துவுக்கு மூன்று வாரமாக இருமல். பயத்தில் சோறு இறங்கவில்லை. கடைசியில் கூட்டாளிகள் சிலர் செய்வதையே செய்தான். மனைவி ரெஜினாவை ஊதச் சொன்னான். களத்தில் இதற்கு இரவல் மூச்சு என்று பெயர்.

"எம் மூச்சப் பாத்துட்டு உன்ன மேஸ்திரி ஆக்கிடப் போறாங்க" என்று கிண்டல் செய்துகொண்டே ஊதினாள்.

வாசலில் பரிசோதகி இளவெயினி பையை மூச்சுமானியில் செருகினாள். சிவப்பு.

"பயப்படாதீங்கண்ணா. இங்கயே ஒருவாட்டி நேரா ஊதுங்க, பாப்போம்."

ஊதினான். பச்சை.

"இவ்ளோ தூசிலயும் பச்சை வந்தா சுத்தமான பச்சை. உங்களுக்கு வெறும் சளிதான். பைதான் கெட்டிருக்கு, தூக்கிப் போட்டுடறேன். போய் வேலையப் பாருங்க."

அப்பாடா என்று இரண்டடி வைத்தான். மூன்றாவது அடி எழவில்லை.

வேலை முடிந்ததும் களத்திலேயே குளித்து, வேலைச் சட்டையை அங்கேயே விட்டுவர வேண்டும். வரிசை நீளம் என்று பதின்மூன்று வருடமாக அந்தத் தூசிச் சட்டையோடே வீட்டுக்குப் போனான். ரெஜினா அதைத் தோள் இரண்டையும் பிடித்துப் படார் படாரென்று உதறுவாள். உதறாமல் ஊறவைத்தால் தண்ணீர் சேறாகிவிடும் என்பாள். வெயிலில் வெள்ளையாய்த் தூசி பறக்கும். அவன் டீ குடித்தபடி பார்த்திருப்பான். களத்தில் அவனுக்கு முகமூடி உண்டு. அவளுக்கு யார் கொடுத்தார்கள்?

பேசாமல் உள்ளே போய்விட்டால் வேலை போகாது. இளவெயினி பையைக் குப்பைக்கூடை மேல் பிடித்திருந்தாள்.

"போடாதம்மா" என்றான். "பை கெடல. அது எம் பொஞ்சாதி மூச்சு."

அவள் முகம் மாறியது. "இரவல் மூச்சுன்னா வேலை போயிடும். தெரியுமில்லண்ணா?"

"தெரியும். அவள எப்போ இட்டுனு வரட்டும்?"