காத்து வாங்கும் பைப்

சைலன்சர் வாயில் அடைத்து வைத்த பனியன் வேஸ்ட்டைக் காணவில்லை.

வண்டியைக் கழுவும்போது உள்ளே தண்ணீர் இறங்கிவிடக் கூடாதென்று செந்தில்வேல்தான் அந்தத் துணியைச் சுருட்டி அடைத்திருந்தான். இழுத்து எடுக்கத் தோதாக ஒரு சாண் நீளம் வெளியே தொங்கவும் விட்டிருந்தான். கை துடைத்துவிட்டுத் திரும்புவதற்குள் அது போய்விட்டது. கீழே விழுந்திருக்கும் என்று ஸ்டாண்டுக்கு அடியில் தேடினான், இல்லை. செல்போன் வெளிச்சத்தை வாய்க்குள் அடித்துப் பார்த்தபோது ஒரு முழ ஆழத்தில் மஞ்சள் நுனி தெரிந்தது. கொக்கிக் கம்பி எடுத்துவந்து குனிந்தான். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த நுனி லேசாக நெளிந்து, வளைக்குள் போகும் பாம்பின் வால்போல, இருட்டுக்குள் போய் மறைந்தது.

வண்டியை அன்றைக்கு அவன் ஒருமுறைகூட ஸ்டார்ட் செய்திருக்கவில்லை.

மங்கலத்தில் தறிக் குடோன்களுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, ஸ்போர்ட்ஸ் பைக்குகளுக்கு சைலன்சர் செய்து கொடுப்பது செந்தில்வேலின் தொழில். கம்பெனி சைலன்சரைக் கழற்றிவிட்டு, ஸ்டெயின்லெஸ் பைப்பை வளைத்து, ஆர்கான் வெல்டிங் வைத்து, கேட்கிற சத்தத்துக்கு ஏற்றபடி செய்து மாட்டுவான். கோயமுத்தூரிலிருந்துகூடப் பையன்கள் தேடி வருவார்கள். வாரத்தில் ஆறு நாளும் தறிகள் காதைப் பிளக்கும் அந்தச் சந்தில் அவன் செய்யும் சத்தத்தை யாரும் பொருட்படுத்துவதில்லை. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. தறிகள் ஓடவில்லை. மனைவி சண்முகப்பிரியா குழந்தையைக் கூட்டிக்கொண்டு சாமளாபுரத்தில் ஒரு சீர் விசேஷத்துக்குப் போயிருந்தாள். காலையிலிருந்து தூறிக்கொண்டிருந்த மழை நான்கு மணிக்கு வலுத்து, தகரத்தின் மேல் ஒரே சீராக இறங்கிக்கொண்டிருந்தது. ஈர மண் வாசனையோடு கொட்டகைக்குள் இன்னொரு வாசனையும் இருந்தது. அழுகிய முட்டையும் சாயத்தண்ணியும் கலந்த மாதிரி. மத்தியானத்திலிருந்தே இருந்தது, மழைக்கு எங்கோ சாக்கடை கிளம்பியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

வண்டி நித்தீஷுடையது. வீரபாண்டிப் பக்கம் சாயப்பட்டறை வைத்திருப்பவரின் ஒரே மகன். பைப்புகூட அவனே பட்டறையிலிருந்து அனுப்பியிருந்தான். கடையில் கிடைக்காத தடிமன், இதிலேயே செய்யுங்கள் என்று போனில் சொன்னான். வியாழக்கிழமை அதை டெம்போவில் கொண்டுவந்து இறக்கியவர் லிங்கசாமி, அந்தப் பட்டறையில் ஃபிட்டர். எப்போது வந்தாலும் டீ குடித்துவிட்டுப் போகிற மனுசன் அன்றைக்கு முகத்தைப் பார்க்காமல் இறக்கிப் போட்டுவிட்டுப் போய்விட்டார். பைப் நல்ல பைப்தான். ஒரு முனையில் மட்டும் ஓரத்தைச் சுற்றி வரிசையாகச் சின்னச் சின்னப் பள்ளங்கள் இருந்தன. செந்தில்வேல் அவற்றை கிரைண்டரில் தேய்த்து, பஃபிங் போட்டு, கண்ணாடி மாதிரி ஆக்கிவிட்டான்.

காற்று இழுப்பாக இருக்கும். மழைக் குளிருக்குப் பைப்புக்குள் காற்று சுருங்கினால் இழுக்கத்தானே செய்யும். அப்படிச் சொல்லிக்கொண்டு, வெல்டிங்கில் ஓட்டை ஏதும் இருக்கிறதா என்று பார்க்க சோப்பு நுரையைக் குழைத்து இணைப்புகளில் தடவினான். கடைசி இணைப்பில் ஊசிமுனை அளவு ஒரு துளை இருந்தது. அங்கே மட்டும் நுரை உள்ளே போனது.

பிறகு வெளியே உப்பியது. ஒரு குமிழி, கோலிக்குண்டு அளவுக்கு வளர்ந்து, உடையாமல் நின்றது. பிறகு சுருங்கி உள்ளே போனது.

உள்ளே. வெளியே. உள்ளே.

நுரையைத் துடைத்தான். திரும்பத் தடவினான். அதே கணக்கில்தான் போய் வந்தது. பக்கத்தில் படுத்துத் தூங்குகிறவர்களின் வயிற்றை இருட்டில் பார்த்துக்கொண்டிருந்தால் எப்படி ஏறி இறங்குமோ அப்படி. சைலன்சர் வாயில் உள்ளங்கையை வைத்தான். சில்லென்று இருக்க வேண்டிய இரும்பு வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளங்கைத் தோல் மெதுவாக உள்ளே இழுபட்டது. வெடுக்கென்று பறித்துக்கொண்டான். கை நடுவே வட்டமாக, சிவப்பாக, ஒரு தடம்.

மழைச் சத்தத்துக்கு அடியில் இப்போது அது காதிலேயே கேட்டது. கிணற்றில் முங்கி வெகுநேரம் கழித்து மேலே வருகிறவன் இழுக்கும் மூச்சு.

லிங்கசாமியைப் போனில் கூப்பிட்டான். இரண்டு முறை எடுக்கவில்லை. மூன்றாவது முறை எடுத்து, அவன் கேட்பதற்கு முன்பே, பைப்பைப் பற்றித்தானே என்றார்.

ஆடி மாதம் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய ராஜபாண்டி என்ற ஆளை இறக்கியிருந்தார்களாம். தெற்கே சாத்தூர்ப் பக்கத்துப் பையன், கல்யாணமாகி எட்டு மாதம். தொட்டிக்குள் விஷவாயு நிற்கும் என்பதால் மேலே புளோயர் வைத்து, இந்தப் பைப் வழியாகத்தான் அடிவரைக்கும் காற்று விட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து, துணி வாங்கும் வெளிநாட்டு பையர்கள் வந்துவிட்டார்கள். பேச முடியவில்லை, சத்தமாக இருக்கிறது, பத்து நிமிசம் புளோயரை நிறுத்துங்கள் என்று நித்தீஷ் மாடியிலிருந்து சொல்லியனுப்பினான். ஆள் உள்ளே இருக்கிறான் என்று திருப்பிச் சொன்னதற்கு, சொன்னதைச் செய்யுங்கள் என்று பதில் வந்தது. பிற்பாடு மாரடைப்பு என்று எழுதிக்கொண்டார்கள்.

"சுவிட்ச அமத்துனது நாந்தானுங்க செந்திலு," என்றார் லிங்கசாமி. "தூக்கறப்ப பைப்பு வாயிலயே இருந்துச்சு. பல்லு விடல. பைப்ப அறுத்துத்தான் ஆள மேல ஏத்துனோம். உங்ககிட்ட இருக்கறது அந்தத் துண்டுதான்."

அதோடு இணைப்பைத் துண்டித்துவிட்டார். செந்தில்வேலின் கண்முன் அந்தப் பள்ளங்கள் வந்தன. வரிசையாக. மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை.

போனை மேசைமேல் வைத்துவிட்டு ஸ்பேனரை எடுத்தான். காலையில் அவனே முடுக்கிய போல்ட்டுதான், அசையவில்லை. எண்ணெய் விட்டான். சுத்தியலால் தட்டினான். தட்டும்போதெல்லாம் உள்ளே மூச்சு நின்று, காதைக் கொடுத்துக் கேட்பதுபோல் இருந்து, பிறகு தொடர்ந்தது.

அப்போதுதான் சந்துக்குள் கார் வந்தது. நித்தீஷை இறக்கிவிட்டுவிட்டு அப்படியே திரும்பிப் போய்விட்டது. மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தவன் ஸ்பேனரைப் பார்த்தான்.

"ஏனுங்ணா, அஞ்சு மணிக்குன்னு சொன்னீங்க. இன்னும் நோண்டிட்டு இருக்கறீங்க?"

வேலை சரியாக வரவில்லை, வேறு பைப் போட்டு என் செலவிலேயே செய்து தருகிறேன், இன்றைக்கு வண்டியை விட்டுவிட்டுப் போங்கள் என்று செந்தில்வேல் சொன்னான். ஏன் என்று கேட்டதற்கு அவனால் மழுப்ப முடியவில்லை. ராஜபாண்டி பெயரைச் சொன்னான்.

நித்தீஷின் முகம் ஒரு கணம் ஒன்றுமில்லாமல் இருந்தது. பிறகு சிரித்தான். லிங்கசாமிக்கு வாய் நீளம் என்றும், நாளைக்கு அவரைப் பார்த்துக்கொள்கிறேன் என்றும் சொன்னான். இந்தக் கொட்டகை இருக்கிற இடம் யாருடையது என்று உங்களுக்குத் தெரியுமா என்றும் கேட்டான். குரல் உயரவே இல்லை.

"தள்ளி நில்லுங்ணா. சத்தம் எப்படி இருக்குதுன்னு நான் கேக்கோணும்."

தள்ளித்தான் நின்றான் செந்தில்வேல். அப்போது யோசிக்க நேரமிருந்திருந்தால் அந்த ஓர் அடிக்காக அவன் தன்னையே மன்னித்திருக்க மாட்டான்.

நித்தீஷ் வண்டிமேல் ஏறி ஸ்டார்ட் செய்தான். எஞ்சின் பிடித்தது. வெடிச்சத்தம் வரவில்லை. புகை வரவில்லை. நித்தீஷ் ஆக்சிலேட்டரை முறுக்கினான். முள் எகிறியது, கொட்டகை அதிர்ந்தது, ஆனால் தரையிலிருந்த தூசியும் வெல்டிங் பொடியும் காகிதத் துண்டும் எல்லாம் பின்பக்கமாக ஓடி, சைலன்சர் வாய்க்குள் போயின. நித்தீஷ் என்னவோ சொல்ல வாயைத் திறந்தான். திறந்த வாய் திறந்தபடியே நின்றது.

சத்தம் வரவில்லை. மூச்சு வரவில்லை.

செந்தில்வேல் பாய்ந்து சாவியைப் பிடுங்கினான். எஞ்சின் நின்றது. இழுப்பு நிற்கவில்லை. பையனின் கைகளைப் பிடித்து இழுத்தான். ஹேண்டில்பாரோடு வார்த்ததுபோல் இருந்தன. முகம் கருநீலமாகிக்கொண்டிருந்தது. பைப்புக்குள்ளிருந்து, ஆழத்திலிருந்து, தெற்கத்திப் பேச்சில் ஒரு குரல்.

"அண்ணே. காத்து வரலண்ணே. காத்தத் தொறந்து விடுங்கண்ணே."

டயருக்குக் காற்று நிரப்பும் கம்ப்ரசர் மூலையில் இருந்தது. அவன் யோசிக்கவில்லை. சுவிட்சைப் போட்டு, ஹோஸை இழுத்துவந்து, சைலன்சர் வாய்க்குள் செருகித் திறந்தான்.

பைப் குடித்தது. மடமடவென்று குடித்தது. வண்டிமேல் நித்தீஷின் நெஞ்சு ஏறியது, இறங்கியது.

ஹோஸை எடுத்தான். நெஞ்சு நின்றது. செருகினான். ஏறியது.

போன் மேசைமேல் இருந்தது. ஹோஸ் அங்கே எட்டாது. வாசலைப் பார்த்துக் கத்தினான்; மழை அதை விழுங்கிவிட்டது. கத்தினான். சந்தில் யாருமில்லை. சரி, இப்படியே நிற்கலாம். கரண்ட் இருக்கிறவரைக்கும் கம்ப்ரசர் ஓடும். யாராவது வருவார்கள்.

எங்கோ இடி விழுந்தது.

விளக்கு அணைந்தது. மோட்டார் தடதடத்து நின்றது.

இனிக் கம்ப்ரசர் தொட்டியில் மிச்சமிருக்கிற காற்றுதான். வாசல் வெளிச்சத்தில் அதன் மீட்டரின் முள் தெரிந்தது. எண்பது. அறுபது. நித்தீஷ் தலையைத் திருப்ப முடியாமல் கண்ணை மட்டும் திருப்பி அந்த முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணீர் வழிந்தது. நாற்பது. பைப் நிதானமாகக் குடித்தது. இருபது. பத்து.

முள் அடியில் போய்ப் படுத்தது.

கைக்குள் ஹோஸ் தளர்ந்தது. தளர்ந்த ஹோஸ் சப்பையாக ஒட்டிக்கொண்டது. இப்போது பைப் தொட்டியையே உள்ளே இழுத்தது. ஆளுயர இரும்புத் தொட்டி ஒருமுறை முனகியது. அதன் வயிறு டங்கென்று உள்ளே குழிந்தது.

அடுத்து, வண்டியின்மேல், மழைக்கோட்டுக்கு உள்ளே, நித்தீஷின் நெஞ்சு.