பஞ்சநாதன் வாயில் புகுந்த துரை

காலை ஏழரை மணி, 1957. குருசுக்குப்பத்து மீன் வியாபாரி பஞ்சநாதன் வீட்டில் ஒரே நேரத்தில் இரண்டு கலவரம். ரஞ்சிதத்தின் அட்டிகை பெட்டியிலிருந்து போய்விட்டது. பக்கவாதத்தில் ஐந்து நாள் ஊமையாகக் கிடந்த அவள் புருஷன் பஞ்சநாதனுக்குப் பேச்சு வந்துவிட்டது. வந்ததோ, தமிழ் படித்த வெள்ளைக்காரத் துரையின் பேச்சு!

சப்-இன்ஸ்பெக்டர் ஜானகிராமன் நுழைந்தபோது பூசாரி பாலகுரு உடுக்கையை உலுக்கிக்கொண்டிருந்தான்.

"நிறுத்துய்யா! மூளையில ரத்தம் அடைச்சா சில பேருக்குப் பேச்சு இப்படித் திரும்புமாம், டாக்டர் ஒருத்தரு சொல்லிக் கேட்டிருக்கேன். ஏம்மா, பெட்டி எங்க இருந்திச்சு?"

"அவரு படுத்திருக்கிற அறையில. சுவரைப் பாத்து ஒருக்களிச்சிக் கெடந்தாரு. விடியுமுன்ன நான் கரைக்குப் போயிட்டேன். வூட்ல இருந்தவ இந்த வேலைக்காரிதான்!"

"கொல்லையில பாத்திரம் தேச்சேங்க. எடுத்திருந்தா இங்கியே நிப்பேனா?" சின்னப்பொண்ணுவின் கையைக் கான்ஸ்டபிள் விடவில்லை. ஸ்டேஷனுக்குப் போனால் அவளை அப்புறம் எந்த வீடும் சேர்க்காது.

"இவரு எப்பப் பேசினாரு?"

"கரையிலேர்ந்து வந்து ஏழு மணிக்குக் கஞ்சி ஊட்டும்போது. அலறிட்டேன்," என்றாள் ரஞ்சிதம்.

பஞ்சநாதனின் அண்ணன் மகன் சக்கரபாணி முந்திக்கொண்டான். "கரையிலேர்ந்து நேரா ரெட்டியார்பாளையம் போயி பூசாரியக் கூட்டியாந்தேன். வூட்டுக்குள்ள இப்பத்தான் கால் வெக்கிறேன்."

"பூசாரி, என்னன்னு சொல்லிக் கூப்பிட்டான்?"

"ஆறு மணிக்கே கதவத் தட்டி, 'சித்தப்பாவைத் துரைப்பேய் புடிச்சிருக்கு, ஓடியா'ன்னாரு. பலிக் கோழிக்கு மட்டும் பேரம் பேசினாரு."

ஜானகிராமன் கட்டில் பக்கம் குனிந்தார். "ஐயா, பெட்டிச் சத்தம் கேட்டுச்சா?"

"கேட்டுது. 'யார் அது'ன்னேன்." ஒவ்வொரு எழுத்தும் மூக்கைச் சுற்றி வந்தது. "ஓடிட்டான்."

"அதுதான் இவரு பேசின முதல் பேச்சு. கேட்டவன் திருடன் ஒருத்தன்தான். வீட்டுக்காரம்மா ஏழு மணிக்குக் கேட்ட துரை, ஆறு மணிக்கே உனக்கு எப்படித் தெரியும் சக்கரபாணி?"

சக்கரபாணி மடியைப் பிடித்தான். அட்டிகை அங்கேதான் இருந்தது.

"திருட வந்தாலும் சித்தப்பாவுக்குப் பூசாரி தேடின பாரு, பாசக்காரன்தான்டா நீ!" என்றார் ஜானகிராமன்.

கான்ஸ்டபிளின் பிடி சக்கரபாணியின் கைக்கு மாறியது. சின்னப்பொண்ணு முந்தானையை உதறிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

"மன்னிச்சிக்கோம்மா," என்றார் பஞ்சநாதன் அவளிடம்.

யாரிடமும் மன்னிப்புக் கேட்டறியாத மனுஷன். ரஞ்சிதம் மெல்லப் பூசாரியின் பக்கம் நகர்ந்தாள். "எதுக்கும் அந்தக் கோழிய அறுத்துடுய்யா."