பேப்பர் சுற்றிய மருந்து

"இன்ஹேலர் ஒண்ணு குடுங்கண்ணே. பேப்பர் சுத்த வேணாம்."

மருந்துக்கடையில் அந்தப் பெயரையே சொல்லக் கூடாதென்பது பாஸிலாவுக்கு அம்மாவின் கட்டளை. 'வழக்கமானது' என்றால் மரியராஜ் அண்ணன் பழைய பேப்பரில் சுற்றி, நூல் கட்டித் தருவார். மூச்சிரைப்பு இருக்கும் பெண்ணை எவன் கட்டுவான்? அவள் அக்கா நோயை மறைத்துத்தான் வாழப் போனாள். மூச்சு முட்டிய நேரத்தில், அரிசி டப்பாவுக்குள் ஒளித்த இன்ஹேலரை எடுக்க, மாமியார் அடுப்படியை விட்டு நகரட்டுமென்று காத்திருந்தாள்... காத்திருந்தபடியே செத்துப்போனாள்.

"உங்க தெருவுல பாதி வீட்டுக்கு நாந்தேன் சுத்தித் தாரேன் தாயி," என்றார் மரியராஜ். "அம்புட்டுப் பேரும் தனக்கு மட்டுந்தேன்னு நெனச்சுக்கிட்டு வாராக."

கடை வாசலில் மழைக்கு ஒதுங்கியிருந்த ஒருவன் சிரித்தான். ஈரம் சொட்டும் இமைகள்... சிரிப்பு அப்படியே இரைப்பானது. சட்டைப்பையிலிருந்து எடுத்த பொட்டலத்தின் நூலை அவிழ்க்க முடியாமல் இழுத்து இழுத்துப் பார்த்தான். பாஸிலா பிடுங்கிக் கிழித்துக் கொடுத்தாள்.

"நீங்க அவுக்குறதுக்குள்ள ஜனாஸா தொழுது உங்களை அடக்கமே பண்ணிருவாங்க போல."

மூச்சு வாங்கிக்கொண்டே அவன் கண்களால் சிரித்தான்.

அவன் பெயர் இஷாக். ஜவுளிக்கடை வீட்டுப் பிள்ளை. அதன்பின் மழையில்லாத நாளிலும் இருவரும் அந்த வாசலில் ஒதுங்கினார்கள். கடைசியில் அவனே வீட்டில் பேசி, பெண் பார்க்க அழைத்து வந்தான். தோல் பதனிடும் ஷாப்பை ஒட்டிய தங்கள் வீடு நாறுமென்று அவளைப் பெற்ற அத்தா தன் தங்கை வீட்டில் ஏற்பாடு செய்திருந்தார்.

டீ குடித்ததும் இஷாக்கின் அம்மா பேச்செடுத்தார். மூச்சு நோயெல்லாம் ஊரில் எங்கோ ஒருவருக்கு வருவதுதானாம், இருந்தாலும் கேட்டுக்கொள்வது நல்லதாம்.

"எங்க பக்கம் ஒருத்தருக்கும் கெடையாது. உங்க பக்கம்?"

இல்லையென்று பாஸிலாவின் அம்மா தலையாட்டினாள். அக்காவைப் பெண் பார்க்க வந்தபோதும் இப்படித்தான் ஆட்டினாள்.

பாஸிலா இஷாக்கைப் பார்த்தாள். சொல்வான்... இப்போது சொல்வான்... அவன் கண்கள் டீ கிளாஸுக்குள் விழுந்து கிடந்தன. அந்த நொடியே அவள் முடிவு செய்துவிட்டாள்.

தனியாகப் பேசச் சொல்லி இருவரையும் உள்ளறைக்கு அனுப்பினார்கள்.

"உன்னைய அம்புட்டுப் புடிக்கும் பாஸிலா. நிக்காஹ் முடியட்டும். ரெண்டு பேரும் பேப்பர் சுத்தியே வச்சுக்குவோம். யாருக்குத் தெரியப்போவுது?"

அந்த இமைகள்... பாவி, அவளுக்கும் பிடித்துத்தான் தொலைத்தது.

"எனக்கும் உங்களைப் புடிச்சிருக்கு. ஆனா எங்கக்கா மாதிரி நான் சாக மாட்டேன்."

கூடத்துக்கு வந்தாள். எல்லோர் முன்னாலும் இன்ஹேலரைக் குலுக்கி, வாயில் வைத்து, ஆழமாக இழுத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு மழையில் இறங்கினாள்.

உள்ளே இஷாக் இருமத் தொடங்கினான். பேப்பர் சரசரக்கும் சத்தம் வாசல்வரை கேட்டது.

இனி அதை அவன்தான் கிழிக்க வேண்டும். அவள் நடந்தாள்.