முகவரி கேட்டுக்கொண்டே இருந்தது

அந்த ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும்போதே அவளுக்குக் கண்கள் எரிந்தன. நேற்று வேறொரு ஊர், அதற்கு முன் இன்னொன்று. நெட்வொர்க் என்ஜினியரான அவளுக்குத் தூக்கம் என்பது பஸ் ஜன்னலில் தலை இடிபடும் நேரம்தான்.

வேலை சாதாரணமானது. இதயத் துடிப்பைக் காட்டும் ஒவ்வொரு மானிட்டருக்கும் நெட்வொர்க்கில் மாறாத ஒரு முகவரி வேண்டும். மாறினால் ஒருவருடைய துடிப்பு இன்னொருவர் கட்டிலின் பெயரில் தெரியும். இதுவரை அந்த முகவரிகளை ஆட்கள்தான் உட்கார்ந்து எழுதிவைத்தார்கள். இனி மானிட்டர் கேட்டதும் சர்வரே டேட்டாபேஸில் தேடி எடுத்துக் கொடுக்கும். அங்கே பதிவு இல்லாத கருவிக்குக் கையை விரித்துவிடும்.

மதியத்துக்குள் எல்லா மானிட்டர்களும் தத்தம் முகவரியில் அடங்கின.

ஒன்றைத் தவிர.

அது கேட்டுக்கொண்டே இருந்தது. சர்வர் மறுக்க மறுக்க, மூச்சு விடாமல் கேட்டது. எந்த வயர் வழியாக வருகிறது என்று தேடினாள். மேல்மாடி, கடைசி அறை.

"சிஸ்டர், மேல கடைசி ரூம்ல மானிட்டர் ஏதாவது ஓடுதா?"

மாத்திரைகளைப் பிரித்துக்கொண்டிருந்த தலைமை நர்ஸ் நிமிர்ந்தார். "அந்த வார்டையே மூடியாச்சேம்மா. ஒரு கட்டில்தான் கிடக்கு."

"அப்ப யாரு இப்படி உயிரை வாங்குறது? முகவரியக் கொடுத்துத் தொலைக்கிறேன். என்னன்னு தெரிஞ்சிடும்."

டேட்டாபேஸில் அதற்கும் ஒரு பதிவைச் சேர்த்தாள். கேட்பது நின்றது.

நர்ஸின் மேசைத் திரையில் புதிதாக ஒரு பச்சைக் கோடு முளைத்தது.

துடிப்பு. தாறுமாறாக எகிறும், பயந்துபோன ஒருவருடைய துடிப்பு.

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டார். "அந்தக் கட்டில்ல ஒரு அம்மா இருந்தாங்க. பக்கத்துல யாராவது உட்காருங்கன்னு கேட்டுக்கிட்டே இருப்பாங்க. சொந்தம்னு ஒருத்தரும் வரல. தனியாவே செத்துப்போனாங்க."

"அந்தப் பதிவை அழிச்சிடவா?"

"வேண்டாம்மா... பாவம், துடிக்குது பாருங்க. யாராவது போகணும். நான் இங்கேருந்து நகர முடியாது."

அவளுக்குப் பயம் இருந்தது. ஆனால் பயப்படுவதற்கும் தெம்பு வேண்டுமே. போனைக் காதில் வைத்தபடி படியேறினாள்.

மேலே பினாயில் வாடை பழசாகி, புளித்துப்போயிருந்தது. ஜன்னல் அழுக்கைத் தாண்டி வெயில் மஞ்சளாக விழுந்தது. மெத்தை இல்லாத இரும்புக் கட்டில், ஒரு நாற்காலி. சுவரில் நெட்வொர்க் வயர் செருகும் துளை. அதில் எதுவுமே செருகப்படவில்லை.

மானிட்டரும் இல்லை.

"சிஸ்டர்... இங்க ஒண்ணுமே இல்ல."

"இன்னும் ஏறுதும்மா," போனில் நர்ஸின் குரல் கிசுகிசுத்தது. "உட்காருங்க. சும்மா உட்காருங்க."

நாற்காலியில் உட்கார்ந்தாள். கை தானாகக் கட்டில் விளிம்பைப் பற்றியது.

இரும்பு வெதுவெதுப்பாக இருந்தது.

"குறையுது... குறையுதும்மா. அப்படியே இருங்க."

எழுந்து ஓடத்தான் நினைத்தாள். கால்கள் கேட்கவில்லை. எத்தனையோ நாளாகச் சேர்ந்த அசதி, உட்கார இடம் கிடைத்ததும் மொத்தமாக வந்து இறங்கியது. கண் செருகியது.

"ஹலோ? ஹலோ, கேக்குதா?"

திடுக்கிட்டாள்; கண்ணைத் திறக்காமலே முனகினாள். "தூங்கிட்டேன் சிஸ்டர்."

"நல்லதுதான். கோடு ரொம்ப அமைதியா ஓடுது. நானும் இப்பத்தான் மூச்சு விடுறேன். கீழ வாங்க, டீ குடிக்கலாம்."

கண்ணைத் திறந்தாள். எதுவும் தெரியவில்லை. எங்கும் வெள்ளை.

துணி. தலையிலிருந்து கால்வரை யாரோ போர்த்தியிருந்தார்கள். முகத்தையும் சேர்த்து.

"சிஸ்டர்... நீங்க மேல வந்தீங்களா?"

"இல்லையேம்மா, மேசையிலதான் இருக்கேன். ஏன்?"



துணிக்கு வெளியே ஒரு கை, குழந்தையைத் தூங்க வைப்பதுபோல, அவள் தோளைத் தட்டிக்கொண்டிருந்தது.