பின்வாசல் அடைத்த வீடுகள்

எந்த வீட்டில் அது முதலில் ஆரம்பித்தது என்று கேட்டால் கண்டக்டருக்கு இன்றைக்கும் உறுதியாகச் சொல்ல வராது. பக்கத்து வீட்டில், தங்கையும் மாப்பிள்ளையும் இருந்த வீட்டில்தான் என்று அவர் சொல்லிவருகிறார். ஆனால் அதற்கு முன்பே எதிர்ப்பக்கத்தில் சில வீடுகளின் பின்வாசலை அடைத்திருந்தார்கள். அங்கே அவர் எட்டிப் பார்க்கவில்லை. வரிசை குழம்பியிருக்கலாம். அந்தச் சத்தம் மட்டும் குழம்பவில்லை.

தங்கை வீட்டின் பின்சுவர் பூசி முடித்த மறுநாள் காலை, வேலியோரம் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தார். வீட்டுக்குள்ளே யாரோ நாற்காலியைத் தரையில் இழுத்தார்கள். கரகரவென்று அந்தச் சத்தம் கூடத்தின் நடுவிலிருந்து புறப்பட்டு, சுவரை நெருங்கி, சுவரோடு நிற்காமல், அவர் கால் பதித்திருந்த மண்ணையும் தாண்டி, வயலுக்குள் கொஞ்ச தூரம் போய் ஓய்ந்தது. வயலில் யாரும் இல்லை. ஈரச் சுண்ணாம்பின் வாடை மட்டும் காற்றில்லாத இடத்தில் மிதந்துகொண்டிருந்தது.

அணைக்காக ஊரை இழந்தவர்களுக்கு வட்டமாகக் கட்டிக்கொடுத்த குடியிருப்பு அது. நடுவில் மைதானம், சுற்றிலும் ஒரே அச்சில் வார்த்த வீடுகள், எல்லாவற்றுக்கும் மைதானத்தைப் பார்த்து ஒற்றை வாசல். பின்பக்கம் ஒரு ஜன்னல்கூடக் கிடையாது. எல்லாரும் எல்லாரையும் பார்த்துக்கொண்டே வாழ வேண்டும் என்பது வரைபடம் போட்டவரின் ஆசையாம். குடிவந்த முதல் மழைக்காலத்திலேயே, யாரும் யாரையும் கலந்துகொள்ளாமல், வீட்டுக்கு வீடு கடப்பாரை எடுத்துப் பின்சுவரை உடைத்து வாசல் வைத்துவிட்டார்கள். ஏன் என்று கேட்டால் கண்டக்டரின் அப்பா பேச்சை மாற்றிவிடுவார்.

இப்போது குடியிருப்பைப் பழைய வடிவத்துக்கே மீட்கும் திட்டம் வந்திருந்தது. பொறுப்பாக வந்த ஆர்க்கிடெக்ட் பெண் பொறுமைசாலி.

"பஸ்ஸுக்கே ரெண்டு வாசல் வைக்கிறான். வீட்டுக்கு ஒண்ணே ஒண்ணுன்னா, உள்ள இருக்கறவன் எப்படிம்மா இறங்குவான்?" என்றார் கண்டக்டர்.

"ஒரிஜினல் டிசைன் அதுதான் சார். நாங்க புதுசா எதையும் சேர்க்கல. அப்புறமா சேர்த்ததைத்தான் எடுக்கறோம்."

"எங்கப்பன் சேர்த்தது. முதல்ல என்னை எடு, அப்புறம் அதை எடு."

தங்கைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "கூரையை மாத்தித் தராங்க, சுவரைப் பூசித் தராங்க. ஒரு கதவுக்காக மல்லுக்கு நிக்கறியேண்ணே!"

"முப்பது வருஷம் சில்லறையே தராம டிக்கெட் கிழிச்ச மனுஷன்," என்றார் தையல் மெஷினில் குனிந்திருந்த மாப்பிள்ளை. "கதவையா தரப்போறாரு?"

அதுதான் மாப்பிள்ளை அடித்த கடைசி ஜோக். அந்த வாரமே அவர்கள் வீட்டுப் பின்வாசலை அடைத்தார்கள். மனைவி போனபின் கண்டக்டருக்கு இரண்டு வேளைச் சாப்பாடும், கூடவே வசவும், அந்தப் பின்வாசல் வழியாகத்தான் வந்துகொண்டிருந்தன. இப்போது அவர் மைதானத்தைச் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்குப் போனார். தங்கை திட்டவில்லை. தையல் மெஷினில் தூசு. இருவரும் நாற்காலிகளைப் பின்சுவரைப் பார்த்துப் போட்டு, சினிமாவுக்கு வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். பூச்சு காயவே இல்லை. தொட்டால் விரலில் வெள்ளையாக ஒட்டியது.

"என்னத்தைப் பாக்கற?"

"ஒண்ணுமில்லண்ணே. நல்லாருக்கு."

அவர் நாற்காலிகளை வாசல் பக்கம் திருப்பிப் போட்டார். அடுத்த நாள் அவை சுவருக்கு இன்னும் பக்கத்தில் இருந்தன. அதற்கடுத்த நாள் முழங்கால்கள் சுவரில் இடித்தன. பொழுது சாயும் நேரத்தில் மைதானத்தில் நின்று பார்த்தால் வட்டம் முழுக்க விளக்கு எரிந்தது, எல்லா வாசலும் திறந்து கிடந்தது, ஒரு பாத்திரம் உருளவில்லை, ஒரு குழந்தை அழவில்லை. ஒவ்வொரு வாசலுக்குள்ளும் முதுகுகள்.

கண்டக்டர் கடப்பாரையை எடுத்தார். போகிற வழியில் ஆர்க்கிடெக்டையும் இழுத்துக்கொண்டு போனார்.

"சார், இது சட்டப்படி..."

"கேஸ் போடு. முதல்ல பின்னால போய் நில்லு. ஓட்டை விழுந்ததும் குரல் கொடு."

உள்ளே தங்கை திரும்பவில்லை. மாப்பிள்ளை திரும்பவில்லை. அவர்களுக்கு நடுவில் நின்று ஓங்கிக் குத்தினார். பழைய வாசலை அடைத்த ஒற்றைச் செங்கல் சுவர். நாலு குத்தில் வெளிச்சம் தெரிய வேண்டும். கடப்பாரை முழு நீளமும் உள்ளே போயிற்று. செங்கல் பெயர்ந்தது. ஓட்டை தலை நுழையும் அளவு ஆயிற்று.

"என்னம்மா தெரியுது?"

"ஒண்ணும் தெரியலையே சார்." சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மங்கலாக வந்தது அவள் குரல். "ஒரு விரிசல்கூட இல்ல."

அவர் குனிந்து பார்த்தார்.

வயல் இல்லை.

ஒரு கூடம். இதே கூடம். இதே அலமாரி, இதே மாடம். அந்தக் கூடத்தில் ஆட்கள். தோளோடு தோள் ஒட்டி, வரிசைக்குப் பின் வரிசையாக, இருட்டு முடியும்வரை உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் மேலும் ஈரச் சுண்ணாம்பு. எல்லார் முகமும் அவரைப் பார்த்து.

முன்வரிசையில் இரண்டு பேர். அந்தப் புடவை அவருக்குத் தெரியும்.

திரும்பினார். அவருக்குப் பின்னால் நாற்காலிகள் காலி.

"எழுந்திருடி! வா வெளிய!"

"கதவைச் சாத்துண்ணே," என்றாள் தங்கை. "காத்து வருது."

வாய் அசைந்தது அவளுக்கு மட்டும் இல்லை. அத்தனை பேருக்கும். எல்லார் வாயிலிருந்தும் அவள் குரல்.

"சாத்த மாட்டேன்!"

தோள்வரை கையை விட்டு அவள் மணிக்கட்டைப் பிடித்தார். இழுத்தார். காலைச் சுவரில் ஊன்றி, பல்லைக் கடித்து, வெறிகொண்டு இழுத்தார். பிடி சட்டென்று இளகியது. மல்லாந்து விழுந்தார்.

கையில் ஒரு பிடி சாந்து. அதில் புதைந்து அவள் மோதிரம்.

விடிவதற்குள் ஓட்டை தானே மூடிக்கொண்டது.

தங்கையும் மாப்பிள்ளையும் வெளியூர் போய்விட்டதாகப் போலீஸ் எழுதிக்கொண்டது. மற்ற வீட்டுக்காரர்களைப் பற்றியும் ஒருவர் பின் ஒருவராக அப்படியே எழுதினார்கள். ஆர்க்கிடெக்ட் வேலையை விட்டுவிட்டாள்; போன் செய்தால் எடுப்பதில்லை. குடியிருப்பு ரொம்ப அழகாக இருக்கிறது என்று வெளியிலிருந்து ஆட்கள் வந்து படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அதில் குடியிருப்பவர் கண்டக்டர் ஒருவர்தான். தினமும் விடியும்போது, அவர் அடைக்கவிடாத தன் பின்வாசலின் இரண்டு ஓரங்களிலும் புதுச் சாந்து ஈரமாக வளர்ந்திருக்கிறது; முகம் கழுவுவதற்கு முன் அதை உடைத்துத் தள்ளுகிறார். உடைப்பதைவிட வளர்வது கொஞ்சம் கூடுதல். இப்போதெல்லாம் பக்கவாட்டில் திரும்பி, மூச்சை இழுத்துப் பிடித்துத்தான் வெளியே வர முடிகிறது. வந்து, வயலைப் பார்த்து ஒரு நிமிடம் நின்றுவிட்டு, கடப்பாரையோடு மறுபடி உள்ளே போகிறார்.